இரண்டாம் பட்டன்

ஜூன் 8, திங்கள்

காய்கறி வாங்கப் போனேன். பீர்க்கங்காயை எடை போட்டுக்கொண்டே கடைக்காரப் பெண் கேட்டாள்: "இன்னா சார், மோட்டர ஆஃப் பண்ணிட்டு வந்தீங்களா?" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

இதை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். கோபம் எங்கிருந்து வருகிறதென்று எனக்காவது தெளிவாக இருக்கட்டும்.

என் மனைவி கெங்காவின் தம்பி செந்தில்குமார் சென்னையில் 'ஏழாம் நம்பர் வீடு' தொடருக்கு வசனம் எழுதுகிறான். கல்லூரிக் காலம் முழுவதும் ஆம்பூரில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன். அந்தத் தொடரில் ஏகாம்பரம் என்று ஒரு மாமனார் வருகிறார். டேனரியில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட உட்காரும் முன், தோல் வாடை போய்விட்டதா என்று விரல்களை முகர்ந்து பார்ப்பார். சொந்த வீட்டுக் கதவையே தட்டிவிட்டு நுழைவார். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், "மோட்டர் போட்டிருக்கேன், பாத்துட்டு வந்துடறேன்" என்று மாடிக்குப் போய்விடுவார்.

டேனரி ஆய்வகத்தில் வாழ்நாளைக் கழித்தவன் நான். முகர்ந்து பார்ப்பதும் நான்தான். மோட்டரும் என்னுடையது.

ஜூன் 9, செவ்வாய்

ஏழரைக்குத் தொடர். நான் உள்ளறையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் கெங்கா சிரிக்கும் சத்தம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவள், இப்போதெல்லாம் பொத்துவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பேசி அவள் இப்படிச் சிரித்ததாக ஒரு நாளும் நினைவில்லை.

அது யார் என்று அவளுக்குத் தெரியாதா? கேட்கலாம். "கதைதானே" என்பாள். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? எழுந்து மாடிக்குப் போனேன். தொட்டிப் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது, எங்கே வந்து நிற்கிறேன் என்று.

ஜூன் 11, வியாழன்

வாரந்தோறும் வியாழக்கிழமை டிஆர்பி பட்டியல் வருகிறது. செல்போனில் தேடிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் அதிகம் பேர் பார்த்த ஐந்து தொடர்கள். ஏழாம் நம்பர் வீடு மூன்றாம் இடம். இத்தனை பேருக்கு என் விரல் வேடிக்கை.

அது விழ வேண்டும். அந்தப் பட்டியலிலிருந்தே விழ வேண்டும். ஏகாம்பரம் ஒழிய வேண்டும். சேனல்காரன் செந்தில்குமாரைக் கூப்பிட்டு, "உன் மாமனார் யாருக்கும் வேண்டாமாம்" என்று சொல்ல வேண்டும். இதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இல்லை, இருக்கட்டும்.

ஜூன் 17, புதன்

நம்ப முடியவில்லை.

தவ்ஃபீக் என்று ஒருவர் வந்தார். டிவி பார்ப்பவர்களைக் கணக்கெடுக்கும் கம்பெனியாம். ஊருக்குச் சில வீடுகளைப் பொறுக்கி ஒரு பெட்டி வைப்பார்களாம். அந்த வீடுகளில் என்ன ஓடுகிறதோ அதை வைத்துத்தான் வியாழக்கிழமைப் பட்டியல். எங்கள் வீடு தேர்வாகியிருக்கிறது.

படிவத்தில் ஒரு கேள்வி. "டிவி, பத்திரிகை, விளம்பரம் — இதுல சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா சார்?"

கெங்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் பொய் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று ஒட்டவில்லை. "இல்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அவர் போனபிறகு கிட்ட வந்து, "நல்ல வேள, நீங்க சொல்லல. நாம பாத்தா தம்பிக்கு மார்க் வுழும் இல்ல?" என்றாள். தம்பிக்காகப் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள். மதியம் கேட்காமலே இரண்டாவது அப்பளம் வைத்தாள். தின்றேன்.

ஜூன் 22, திங்கள்

பெட்டி வந்துவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் சின்னதாக. கூடவே ஒரு ரிமோட். எனக்கு ஒன்றாம் பட்டன், கெங்காவுக்கு இரண்டாம் பட்டன். டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் பட்டனை அமுக்க வேண்டும், எழுந்து போகும்போது திரும்ப அமுக்கி அணைக்க வேண்டும். டிவி ஓடி, ஒரு பட்டனும் விழாவிட்டால் சிவப்பு விளக்கு மின்னும். பெட்டி இருப்பதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது.

"அம்மா, நீங்க ஒருத்தர் பாத்தா, உங்கள மாதிரி ஆயிரக்கணக்கான பேரு பாக்கறதா எடுத்துப்பாங்க" என்றார் தவ்ஃபீக்.

கெங்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நான் ஒருத்தி பாத்தாவா?"

"பட்டன எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"ஆமாம்பா, அவருகிட்டயே குடு. அவருக்கு எல்லாம் கரெக்டா இருக்கணும்."

டேனரியில் தோல் பதமாகிவிட்டதா என்று பார்க்க, டிரம்மிலிருந்து ஒரு தோலை இழுத்து ஓரத்தில் சிறு துண்டு வெட்டிக் கொதிநீரில் போடுவோம். துண்டு சுருங்கினால் டிரம் முழுக்கக் குறை. சுருங்காவிட்டால் அத்தனையும் தேறிவிட்டது. ஒரு துண்டின் தலையில் ஒரு டிரம். இப்போது நான்தான் அந்தத் துண்டு.

ஜூன் 23, செவ்வாய்

செய்துவிட்டேன்.

ஏழரைக்குக் கெங்கா முகம் கழுவிப் பொட்டு வைத்து, யாரோ பெண் பார்க்க வருவது போல வந்து உட்கார்ந்தாள். "அமுக்கிட்டீங்களா?" என்றாள். தலையாட்டினேன். அமுக்கவில்லை. சிவப்பு விளக்கு மின்னத் தொடங்கியது. ஓமத் தண்ணீர் பாட்டிலை அதன் முன்னால் நகர்த்தி வைத்தேன். தொடர் முழுக்க டிவி ஓடியது. கணக்குப்படி எங்கள் கூடத்தில் ஒருவரும் இல்லை.

எட்டு மணிக்கு அவள் தோசை வார்க்கப் போனாள். நான் எதிர்ச் சேனலின் 'சர்ப்ப சபத'த்தை வைத்து ஒன்று, இரண்டு, இரு பட்டன்களையும் அமுக்கினேன். ஒரு பெண் பாம்பாக மாறிச் சீறினாள். கெங்காவும் நானும் சேர்ந்து ரசித்தோம் என்று போயிருக்கும்.

நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஜூலை 2, வியாழன்

இன்னும் மூன்றாம் இடம்தான். என்னைப் போல இன்னும் எத்தனையோ வீடுகள். ஒரு வீடு விலகினால் பட்டியல் அசையுமா? அசையாது. படித்தவனுக்கு இது தெரிய வேண்டும். தெரியும்.

வேலையில் இருந்தவரை ஒருநாளும் மாதிரியை மாற்றி வைத்ததில்லை. முதலாளியின் மகனே வந்து கேட்டபோதுகூட. இப்போது செய்கிறேன். நிறுத்திவிடலாமா?

ஜூலை 5, ஞாயிறு

நிறுத்தப்போவதில்லை.

பக்கத்து வீட்டு சமீருல்லாவின் தொட்டி நிறைந்தால் எங்கள் சுவரில் தண்ணீர் வழியும். பிப்ரவரியில் ஒருநாள் கண்டிப்பாகக் கேட்டுவிடுவது என்று குளியலறைக்குள் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: "பாய், இது நல்லால்ல. பாய், இது கடைசி." வெளியே வந்து அவரைப் பார்த்ததும் என் வாயில் வந்தது: "பாய், தண்ணி நல்லா வருதுங்களா?"

நேற்றுத் தொடரில் இது அப்படியே வந்தது. குளியலறை, கண்ணாடி, கடைசியில் அந்தக் கேள்வி. கெங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். செந்தில்குமார் அப்போது சென்னையில் அல்லவா இருந்தான்? இவ்வளவு கற்பனை உள்ளவனா அவன்? இல்லை, கோழைகள் எல்லோரும் குளியலறையில்தான் வீரர்களா?

இன்று காலை கேட்டருகில் சமீருல்லா. "சார், டேங்க் ரொம்பி வழிஞ்சா எங்கிட்ட நேரா சொல்லுங்க. பாத்ரூம்ல சொன்னா எனக்குக் கேக்காது." நல்ல மனிதர்தான். அவர் சிரிப்பில் விஷமில்லை. எல்லா விஷமும் சென்னையிலிருந்து வருகிறது.

ஜூலை 9, வியாழன்

நான்காம் இடம்!

ஜூலை 11, சனி

செந்தில்குமார் போன் செய்தான். கெங்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரேட்டிங் எறங்குதுக்கா. சேனல்ல கத்தறாங்க. அந்த ஏகாம்பரத்தப் போட்டுத் தள்ளிடலாமான்னு பேச்சு."

"ஐயோ, அவரு இன்னாடா பண்ணாரு பாவம்!"

பாவமாம். அவனுக்குப் பாவம். இங்கே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவனுக்கு?

"மாமா இருக்காராக்கா?"

போனை வாங்கினேன். "எல்லாம் சரியாயிடும்பா. தைரியமா இரு" என்றேன். எவ்வளவு இனிமையாக வந்தது அந்தக் குரல்! அவன், "மாமா, நீங்க ஒருத்தர்தான் இப்பிடிப் பேசறீங்க" என்றான். நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சுவைத்தேன். பழியில் இவ்வளவு ருசி இருக்கிறதென்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த வயதிலா தெரிந்துகொள்வது?

ஜூலை 16, வியாழன்

ஐந்துக்குள் இல்லை. மேலிருந்து கீழாகப் பார்த்தேன், கீழிருந்து மேலாகப் பார்த்தேன். இல்லவே இல்லை.

என்னாலா? பாம்புத் தொடரில் நிஜப் பாம்பைக் கொண்டுவந்து நடிக்க வைத்தார்களாம், அதனாலும் இருக்கலாம். அதனால்தான் இருக்கும். இருந்தும் என் கையும் அதில் உண்டு.

மாலையில் வக்கார் அகமதோடு ரயில் நிலையம் வரை நடை. டேனரியில் ஃபினிஷிங் மேனேஜராக இருந்தவர். என் முகத்தை உற்றுப் பார்த்து, "இன்னா தோஸ்த், இன்னிக்கி மூஞ்சி பளபளங்குது? ஒரு கோட்டு ஜாஸ்தியா அடிச்சாங்களா?" என்றார். மோட்டர் பேச்சை எடுக்கவில்லை. ஊர் மறக்கத் தொடங்கிவிட்டது.

ஜூலை 18, சனி

ஆடி பிறந்துவிட்டது. கெங்கா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். கூழ் ஊற்றி முடிவதற்குள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். கைப்பையை வைக்கக்கூட இல்லை, நேராக டிவி முன்னால்.

"இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வரலாம் இல்ல?" என்றேன்.

"தம்பிக்கு மார்க் போவும்ங்க. பாவம், விழுந்துட்டான். நம்மால முடிஞ்சது. அமுக்கிட்டீங்களா?"

"அமுக்கிட்டேன்."

இதுவரை தலையை மட்டும்தான் ஆட்டியிருந்தேன். வாய் திறந்து சொன்னது இன்றுதான். அவள் ஒரு வேலையைச் செய்கிறவள் போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து பார்த்தாள், விளம்பரம் வந்தபோதும் எழவில்லை.

இன்றோடு விட்டுவிடலாம் என்று தோன்றியது. பிறகு ஏகாம்பரம் வந்து விரலை முகர்ந்தான். அவள் சிரித்தாள். விடவில்லை.

ஜூலை 22, புதன்

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி.

காலையில் தவ்ஃபீக் வந்தார். "பொட்டியில ஏதோ கோளாறு போல சார். ஏழரைலேர்ந்து எட்டு வரைக்கும் டிவி ஓடுது, ஆளே இல்ல. டெய்லியும். எட்டு அடிச்சா ரெண்டு பேரும் கரெக்டா வந்து பாம்பு சீரியல் பாக்கறீங்க."

"பாம்பா?" என்றாள் கெங்கா. "அப்ப நான் தோச சுட்டுனு இருப்பேனேப்பா. ஏழரைக்குதான் இங்க உக்காந்துனு இருப்பேன்."

அவர் டிவியைப் போட்டு, ஓமத் தண்ணீர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். சிவப்பு விளக்கு மின்னியது. "வெளக்கு நல்லாத்தான் எரியுது. ரெண்டாம் பட்டன் அந்த நேரத்துல ஒரு நாள்கூட வுழலம்மா. உங்களுக்கு உள்ள வேலன்னு நெனச்சேன்."

கெங்கா பாட்டிலைப் பார்த்தாள். ரிமோட்டைப் பார்த்தாள். அது என் கையில் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"இவ்ளோ நாளும் இங்கயேதானே உக்காந்துனு இருந்தேன். அப்ப நான் கணக்குல இல்லியா?"

கத்தவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

நான் சொன்னது — எழுதவே கூசுகிறது — "மோட்டர் போட்டிருக்கேன்" என்றேன். போய்விட்டேன். சத்தியமாக மோட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஜூலை 23, வியாழன்

பட்டியல் வந்தது. இன்றும் ஐந்துக்குள் இல்லை. யாரிடம் சொல்ல?

ஜூலை 27, திங்கள்

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டிவிக்குப் பக்கத்தில் தூசியில்லாத ஒரு சதுரம் இருக்கிறது. கெங்கா இன்னும் அதைத் துடைக்கவில்லை.

சோறு போடுகிறாள். மாத்திரை எடுத்து வைக்கிறாள். பேச்சில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தம்பியோடு போனில் நெடுநேரம் பேசுகிறாள். என்னைப் பற்றித்தான். சொல்லட்டும். நான் செய்தது தப்பென்றால் அவன் செய்தது? இவளுக்குத் தம்பியின் மார்க்குதான் பெரிது, கட்டியவன் மானம் இல்லை. ஏகாம்பரம் இன்னும் சாகவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

இன்று கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவளும் இருந்தாள். நடுவில் ஒரு நாற்காலி காலி.

ஏழாம் நம்பர் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வருகிறார். ஏகாம்பரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் திருத்தமாகச் சொல்கிறார். மகன், மருமகள், பேத்தி. வந்தவர் எழுதிக்கொண்டு கிளம்புகிறார். மனைவி பத்மா டம்ளரில் மோரோடு நிற்கிறாள். அவள் பெயரைச் சொல்லவில்லை.

"இங்கயேதானே நின்னுனு இருந்தேன். அப்ப நான் கணக்குல இல்லியா?"

கெங்காவின் சொற்கள். அதே மெதுவான குரல். ஏகாம்பரம் வாயைத் திறக்கிறான். மோட்டர் என்று சொல்வான் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகத்தோடு இன்றைய பகுதி முடிந்தது.

நான் கெங்காவின் பக்கம் திரும்பவில்லை. அவளும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

கேட்டுவிட்டேன். காலையில், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. குளியலறையில் ஒத்திகை பார்க்காமல்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாம்."

"நேத்து வந்தது மட்டுமா?"

"எல்லாம். வெரல் மோந்து பாக்கறது, கதவத் தட்டறது, பாய் வூட்டு டேங்க்கு. அவனுக்கு இன்னா தெரியும்? அவன் இங்க இருந்தப்ப சோறும் பொஸ்தகமும்தான் பாத்தான்."

"ஏன் கெங்கா?"

கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள். "நாப்பது வருஷமா நான் எது பேச வந்தாலும் நீங்க மாடிக்குப் போய்ட்டீங்க. மாடிக்குப் போவாத ஒருத்தன்கிட்ட சொன்னேன். அவன் ஊருக்கே சொல்லிட்டான். நான் சொன்னத அவ்ளோ பேரு கேட்டாங்க. சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்தது."

இத்தனை நாளும் நான் பழிவாங்கியது ஒரு வசனகர்த்தாவை அல்ல, இவளைத்தான். அவள் பழிவாங்கிக்கொண்டிருந்தது என்னை. யார் முந்தி? அவள்தான். வெகு காலம் முந்தி.

ரத்தம் கொதிக்கிறது. இவளா? என் கூடவே இருந்துகொண்டு, எனக்குச் சோறு போட்டுக்கொண்டு! நாற்காலியை விட்டு எழ வேண்டும் போலிருந்தது. மாடிப்படியைப் பார்த்தேன். அவளும் படியைத்தான் பார்த்தாள். உட்கார்ந்தே இருந்தேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

முதலிடம். ஏழாம் நம்பர் வீடு முதலிடம்.

ஒரு வாரமாகக் கேமரா அவன் முகத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. பத்மா கேட்டுவிட்டாள், அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. நடுவில் மருமகள் மயங்கி விழுந்தாள், கோயிலில் விளக்கு அணைந்தது, அவன் மட்டும் அப்படியே நிற்கிறான். ஊரே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காய்கறிக் கடைக்காரப் பெண் இன்று மோட்டரைக் கேட்கவில்லை. "அந்தம்மாவுக்கு அவரு இன்னா சார் சொல்லப் போறாரு? எங்கூட்டுக்காரரு ஒண்ணும் சொல்ல மாட்டாருங்கறாரு. எனக்கும் அவருக்கும் ஒரே சண்ட" என்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

செந்தில்குமாருக்கும் தெரியவில்லையாம். கெங்கா என் முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி கேக்கறான். எத்தினி எழுதினாலும் சேனல்ல ஒத்துக்கலயாம். திங்கக்கெழம ஷூட்டிங்காம். ஏகாம்பரம் இன்னா பதில் சொல்லணும்?" கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க இன்னா சொல்வீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 15, சனி

நஞ்சு வைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சப்பென்று ஒரு வரி கொடுத்தால் போதும். "மறந்துட்டேன்மா" என்று அவன் சொல்லட்டும். ஊர் காறித் துப்பிவிட்டுச் சேனலை மாற்றும். செந்தில்குமாரும் ஏகாம்பரமும் ஒரே நாளில் முடிந்தார்கள்.

அல்லது "மன்னிச்சிடு." அதைத் தொடரில் வாரத்துக்கு ஒருவர் சொல்கிறார்.

அல்லது உண்மை. உன் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கு வலித்தது என்பது உண்மை. வலித்ததால் உன்னை இல்லையென்று ஆக்கினேன் என்பதும் உண்மை. அதற்கு முன்னால், அந்த நாற்பது வருஷமும்? அப்போது எந்த வலிக்காக? அங்கே வந்ததும் எனக்கு வார்த்தை நின்றுவிடுகிறது.

கெமிஸ்ட்ரி படித்த ஆளுக்கு இது வேண்டாத வேலை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியம், சாப்பிட்ட பிறகு. அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஏகாம்பரத்துக்கு என்று ஆரம்பித்தேன். பாதியில் ஏகாம்பரம் எங்கே போனானோ தெரியவில்லை. கோர்வையாக வரவில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. மீதியையும் சொன்னேன். அவள் என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

சாயங்காலம் போன் வந்தது. இன்று சமையலறைக் கதவைச் சாத்தவில்லை.

"கேட்டேன்டா... இல்ல, ஒண்ணும் சொல்லல. அவரு எங்கடா சொல்லப் போறாரு. நீயே எதனா எழுதிக்கோ... எனக்கு இன்னா தெரியும்? நீதான வசனம் எழுதறவன்."

அவன் ஏதோ கெஞ்சுவது இங்குவரை கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

செந்தில்குமாருக்கு அது கிடைக்கவில்லை. இங்கும் நான் எழுதப்போவதில்லை.